கிதாபுப் பேழையின் திறவுகோல்: நூல் சேர்த்தலும் நூல் பதுக்கலும்

பொருள்களைத் தேடித் திரட்டி அழகுற அடுக்கி வைப்பதில் மனிதனுக்கு இயல்பாகவே ஓர் இன்பம் உண்டு. ஒருவர் பழங்காசுகளைச் சேர்க்கிறார். இன்னொருவர் அஞ்சல் தலைகளைச் சேர்க்கிறார். மூன்றாமவர் கிதாபுகளைச் சேர்க்கிறார். தீங்கற்ற பொழுதுபோக்கு என்றும், சில வேளைகளில் சமுதாயத் தொண்டு என்றும் இதனைப் போற்றுகிறோம். இதே செயல் ஏதோ ஓரிடத்தில் எல்லை கடந்து பதுக்கலாகவும் மாறிவிடுகிறது. அந்த எல்லை எங்கே இருக்கிறது? எண்ணிக்கையிலா, விலையிலா, சேர்ப்பவரின் உள்ளத்திலா?

இக்கேள்விக்கு விடை தேட நூல் சேகரிப்பின் வரலாறே சிறந்த களம். அச்சு பரவுவதற்கு முன் ஒவ்வொரு பிரதியும் ஒரு கையின் உழைப்பு. ஓர் ஊரில் ஒரு நூலுக்கு ஒரே பிரதி இருந்து, அது ஒருவருடைய பெட்டிக்குள் அடைபட்டால், அவ்வூருக்கு அந்நூல் இல்லாததற்குச் சமம். ஆகவே நம் முன்னோர் நூல் சேர்த்தலை வெறும் சுவையாகக் கருதவில்லை. உரிமை, கடமை, அமானிதம் ஆகியவற்றோடு பிணைந்த செய்தியாகவே அதனைக் கண்டனர்.

சட்ட நூல்களில் பதுக்கல்

பதுக்கல் என்றவுடன் நினைவுக்கு வரும் அரபுச் சொல் ‘இஹ்திகார்’. பதுக்குபவன் பாவி என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. ஆயினும் எதனைப் பதுக்கல் என்பது என்பதில் ஃபிக்ஹு அறிஞர்கள் மிகுந்த கவனத்துடன் வரையறை செய்தனர். ஷாஃபிஈ சட்ட நூல்களின்படி, பஞ்ச காலத்தில் மக்களின் உணவுப் பொருளை வாங்கி, விலை ஏறட்டும் என்று தடுத்து வைப்பதே இஹ்திகார். தன் நிலத்தில் விளைந்ததைச் சேமிப்பவரும், மலிவான காலத்தில் வாங்கி வைப்பவரும், தன் குடும்பத்தின் தேவைக்காக எடுத்து வைப்பவரும் அதில் அடங்கார். நபி (ஸல்) அவர்களே தம் குடும்பத்தாருக்காக ஓராண்டுக்குரிய உணவை ஒதுக்கி வைத்த செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது.

இங்கே ஓர் உண்மை தெளிவாகிறது. களஞ்சியம் எவ்வளவு பெரிது என்று சட்ட அறிஞர்கள் அளந்து பார்க்கவில்லை. களஞ்சியத்தின் கதவுக்கு வெளியே நிற்பவர் யார், அவருக்கு என்ன தேவை என்றே பார்த்தார்கள். ஒரே அளவு கோதுமை ஓராண்டில் சேமிப்பாகவும் மற்றோராண்டில் பதுக்கலாகவும் இருக்கக்கூடும்.

உணவுக்குரிய இச்சட்டம் நூலுக்கு நேரடியாகப் பொருந்தாது. அதனால்தான் நூலைத் தடுத்து வைப்பதற்கு முன்னோர் வேறொரு சொல்லை ஆண்டனர். ஹதீஸ் கலையின் மூலவர்களுள் ஒருவரான இமாம் இப்னு ஷிஹாப் அஸ்ஸுஹ்ரி (இறப்பு ஹிஜ்ரி 124 / கி.பி. 742) தம் மாணவர் யூனுஸ் இப்னு யஸீதுக்கு, நூல்களில் ‘ஃகுலூல்’ செய்வதைத் தவிர்த்துக்கொள்ளுமாறு அறிவுறுத்தினார். அஃதென்ன என்று மாணவர் வினவியபோது, நூல்களை அவற்றுக்கு உரியவர்களிடமிருந்து தடுத்து வைப்பதே அது என்று விளக்கினார். கதீபுல் பக்தாதி இச்செய்தியைப் பதிவு செய்திருக்கிறார்.

ஃகுலூல் என்ற சொல்லின் கனத்தை உணர வேண்டும். போர்க்களத்தில் கிடைத்த செல்வம் பங்கிடப்படுவதற்கு முன் அதிலிருந்து ஒரு பொருளை மறைத்து எடுத்துக்கொள்வதையே அச்சொல் குறிக்கும். அது பொதுச் சொத்தில் செய்யும் களவு. தம் கையால் எழுதி, தம் பணத்தால் வாங்கிய நூலைத் தராதிருப்பவரைக் குறிக்க இமாம் ஸுஹ்ரி இச்சொல்லைத் தேர்ந்தார் என்றால், அதன் உட்பொருள் யாது? தாளும் மையும் வாங்கியவருக்குச் சொந்தம். அதனுள் இருக்கும் இல்மோ இன்னும் பங்கிட்டு முடியாத பொதுச் செல்வம்.

குர்துபாவின் இரு சேகரிப்பாளர்கள்

அந்தலூஸின் தலைநகரான குர்துபாவில் இரண்டாம் ஹகம் அல்முஸ்தன்ஸிர் (ஆட்சி கி.பி. 961–976) நிறுவிய நூலகம் புகழ்பெற்றது. அதில் நான்கு இலட்சம் நூல்கள் இருந்தன என்றும், அவற்றின் பெயர்களை மட்டும் பதிந்த பட்டியல்கள் 44 ஏடுகள் என்றும் வரலாற்றாசிரியர்கள் கூறுவர். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். ஆனால் அவருடைய ஆர்வத்தில் மிகை இல்லை. அபுல் ஃபரஜ் அல்இஸ்ஃபஹானியின் ‘கிதாபுல் அகானி’ இராக்கில் வெளிவருமுன்னரே தமக்கு ஒரு பிரதி வேண்டுமென்று 1,000 தீனார்கள் அனுப்பினார் என்பது பரவலாக எடுத்துரைக்கப்படும் செய்தி. அவர் சேர்த்த நூல்களைப் படித்தவர். ஆசிரியர்களின் பிறப்பு, இறப்பு, வமிசம் பற்றிய குறிப்புகளை நூல்களின் ஓரங்களில் தம் கையால் எழுதி வைத்தவர். பிற்கால அறிஞர்கள் அக்குறிப்புகளைச் சான்றாகவே ஏற்றனர்.

அரசரின் ஆர்வம் நகரத்தாரையும் தொற்றியது. குர்துபாவில் செல்வர் வீடு என்றால் அதில் நூலகம் இருந்தாக வேண்டும் என்ற நிலை ஏற்பட்டது. அக்காலச் சூழலை விளக்கும் ஒரு நிகழ்ச்சியை மக்கரி தம் ‘நஃப்ஹுத் தீப்’ என்னும் பெருநூலில் தருகிறார். ஹள்ரமி என்ற அறிஞர் தாம் நெடுங்காலம் தேடிய ஒரு நூலுக்காகக் குர்துபாவின் நூல் சந்தைக்கு நாள்தோறும் சென்று காத்திருந்தார். ஒரு நாள் அழகிய கையெழுத்தில் அது ஏலத்துக்கு வந்தது. அவர் விலை கேட்கக் கேட்க வேறொருவர் அதற்கு மேல் ஏற்றிக்கொண்டே போனார். நூலின் தகுதியையே கடந்து விலை ஏறியது. எதிர்த்துக் கேட்பவரைக் காட்டுமாறு ஏலதாரரிடம் வேண்டினார். பட்டாடை உடுத்திய பிரமுகர் ஒருவர் அங்கே இருந்தார். அவரை மார்க்க அறிஞர் என்று எண்ணி, தங்களுக்கு இந்நூல் தேவையெனில் விட்டுத் தருகிறேன் என்று ஹள்ரமி பணிவுடன் கூறினார். பிரமுகரோ, தாம் அறிஞரல்லர், அந்நூலில் என்ன இருக்கிறது என்றும் தமக்குத் தெரியாது என்றார். ஊர்ப் பெரியவர்களிடையே மதிப்புப் பெறுவதற்காக நூலகம் அமைத்திருப்பதாகவும், அதில் இந்நூல் பொருந்தும் அளவுக்கு ஓர் இடம் காலியாக இருப்பதாகவும், கையெழுத்தும் கட்டமைப்பும் அழகாயிருந்ததால் விலையைப் பொருட்படுத்தவில்லை என்றும் விளக்கினார். பல்லில்லாதவருக்கே அக்ரூட் கொட்டை கிடைக்கிறது என்று மனம் நொந்து ஹள்ரமி திரும்பினார்.

இப்பிரமுகர் எவரையும் ஏமாற்றவில்லை. தம் பணத்தில், பொதுச் சந்தையில், முறைப்படி வாங்கினார். சட்டம் அவரைத் தண்டிக்காது. ஆனால் அந்நாளில் குர்துபாவில் அந்நூலைப் படிக்கவேண்டிய ஒருவர் வெறுங்கையுடன் வீடு சென்றார். நூலோ ஓர் இடைவெளியை அடைக்கப் போயிற்று. ஹகமிடம் இருந்தவை இலட்சக்கணக்கில். பிரமுகர் வாங்கியது ஒன்று. இருப்பினும் பதுக்கல் என்ற சொல் யாருக்குப் பொருந்துகிறது என்பதில் நமக்கு ஐயமில்லை.

இமாம் கஸ்ஸாலியின் அளவுகோல்

நூல் அலமாரியின் முன் நின்று இது தேவை, இது சுவை, இது மிகை என்று தட்டுத் தட்டாகப் பிரித்துக் காட்டியவர் ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) (இறப்பு ஹிஜ்ரி 505 / கி.பி. 1111). ‘இஹ்யாவு உலூமித்தீன்’ நூலில் ஸகாத்தைப் பற்றிய பகுதியில், ஸகாத் பெறத் தகுதியுடைய ஏழை யார் என்ற விளக்கத்தினிடையே இந்த ஆய்வு வருகிறது. அது அங்கே இடம்பெற்றதற்குத் தக்க காரணம் உண்டு. ஒருவரிடம் மிகையான பொருள் இருந்தால் அவர் ஏழை என்ற பெயருக்கு உரியவரல்லர். அவர் ஸகாத் பெறுவது வேறோர் ஏழையின் பங்கைக் குறைக்கும். ஆகவே ஆலிமின் வீட்டிலிருக்கும் கிதாபுகள் மிகையா, தேவையா என்று கேட்டாக வேண்டியிருக்கிறது.

நூலின் தேவையை இமாமவர்கள் மூன்றாகப் பகுக்கிறார்கள்: கற்பித்தல், பயன் பெறுதல், படித்துப் பொழுது போக்குதல். ஊதியத்துக்குக் கற்பிப்பவருக்கு நூல் ஒரு தொழிற்கருவி. தையற்காரரின் கருவிகளை எவரும் மிகைப் பொருள் என்று கூறுவதில்லை. தம் மார்க்கத்தை அறிந்து ஒழுகுவதற்கு வேண்டிய நூலும் தேவையில் அடங்கும். வெறும் பொழுதுபோக்குக்காக வைத்திருக்கும் கவிதை நூல்களும் பழங்கதை நூல்களும் அவ்வாறல்ல. பரிகாரக் கடனுக்கும் ஃபித்ராவுக்கும் அவற்றை விற்றாக வேண்டும். அவற்றை வைத்திருப்பவர் மிஸ்கீன் என்ற பெயருக்கு உரியவராக மாட்டார்.

அடுத்து, ஒரு நூல் எவ்வளவு காலத்துக்குள் தேவைப்பட வேண்டும் என்ற வினா எழுகிறது. ஓராண்டுக்குள் தேவைப்படாத நூல் மிகையே என்று கொள்வது பொருத்தத்துக்கு நெருக்கமானது என்கிறார்கள். குளிர்காலத்து உடையைக் கோடையில் விற்கச் சொல்வதில்லை. அதுபோல் ஆண்டுச் சுழற்சிக்கு இடம் தரப்படுகிறது. குடும்பத்துக்கு ஓராண்டு உணவு ஒதுக்கி வைத்த நபிவழியோடு இந்த அளவு ஒத்திருப்பதையும் நோக்க வேண்டும்.

இறுதியாக இமாமவர்கள் நூல் பிரியர்களின் நெஞ்சில் நேராகக் கை வைக்கிறார்கள். ஒரே நூலுக்கு இரு பிரதிகள் வைத்திருப்பவர், ஒன்று பிழையற்றது, மற்றொன்று அழகானது, எனவே இரண்டும் எனக்குத் தேவை என்று வாதிட்டால், பிழையற்றதை வைத்துக்கொண்டு அழகானதை விற்றுவிடுமாறு பணிக்கிறார்கள். ஒரு கலையில் விரிவான நூலும் சுருக்கமான நூலும் ஒருவரிடம் இருந்தால், தம் பயனுக்காக மட்டும் படிப்பவருக்கு விரிவானதே போதும். பாடம் நடத்துபவருக்கு இரண்டும் தேவைப்படலாம் என்று விட்டுக்கொடுக்கிறார்கள்.

நூல் சேர்க்கும் இன்பத்தை இமாமவர்கள் பாவம் என்று கூறவில்லை என்பதை மறந்துவிடலாகாது. இன்பத்தைத் தேவை என்று பெயர் மாற்றி, பிறர் உரிமையின் மீது நிறுத்துவதையே தடுக்கிறார்கள். அழகிய பிரதியை வைத்திருப்பவர் வைத்திருக்கட்டும். ஆனால் அதனோடு ஏழையின் பங்குக்கும் கை நீட்டக் கூடாது.

வீட்டாரின் உரிமை

கதவுக்கு வெளியே நிற்கும் மாணவருக்கு மட்டுமா உரிமை உண்டு? கதவுக்குள்ளே இருப்பவர்களுக்கும் உண்டு. நூல்களில் ஃகுலூல் செய்யாதீர் என்று எச்சரித்த அதே இமாம் ஸுஹ்ரி, தம்மைச் சுற்றிலும் நூல்களைப் பரப்பிக்கொண்டு உலகையே மறந்து அமர்ந்திருப்பார். மூன்று சக்களத்திகளை விட இந்த நூல்களே தமக்குக் கடுமையானவை என்று அவருடைய மனைவியார் குறைப்பட்டதாக இப்னு கல்லிகான் எழுதுகிறார். இதனை நாம் சிரித்துக்கொண்டே கடந்து விடுகிறோம்.

ஆனால் கி.பி. 11-ஆம் நூற்றாண்டு எகிப்தில் வாழ்ந்த அமீர் முபஷ்ஷிர் இப்னு ஃபாத்திக்கின் வீட்டில் நடந்ததைக் கேட்டுச் சிரிக்க இயலாது. அவர் ஞானிகளின் அறவுரைகளைத் தொகுத்து ‘முக்தாருல் ஹிகம்’ என்னும் நூலை இயற்றியவர். அந்நூல் பின்னர் ஐரோப்பிய மொழிகளிலும் பெயர்க்கப்பட்டது. ஓய்வு கிடைத்தபோதெல்லாம் அவர் தம் நூலறைக்குள் புகுந்துவிடுவார். அவர் இறந்தபின் அவருடைய மனைவியார் பணிப்பெண்களுடன் அந்நூலறைக்குச் சென்று, தம்மைக் கணவரிடமிருந்து பிரித்தவை இவைதாம் என்று புலம்பியவாறே, நூல்களை ஒவ்வொன்றாக முற்றத்து நீர்த்தொட்டியில் எறிந்தார். பெரும்பாலானவை மூழ்கிய பின்னரே மீட்கப்பட்டன. அவருடைய நூல்கள் நிறம் மாறிக் காணப்படுவதற்கு இதுவே காரணம் என்று மருத்துவ வரலாற்றாசிரியர் இப்னு அபீ உஸைபிஆ குறிக்கிறார்.

முபஷ்ஷிர் பட்டாடைப் பிரமுகர் போன்றவரல்லர். படித்தவர், எழுதியவர், பிறருக்குப் பயன்பட்டவர். அவருடைய சேகரிப்பும் ஓர் எல்லையைக் கடந்திருந்தது என்பதற்கு அந்த நீர்த்தொட்டியே சாட்சி. இன்றைய உளவியல் மருத்துவமும் இவ்விடத்தையே தொட்டுக்காட்டுகிறது. அமெரிக்க உளமருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோய்வகைப்பாட்டு நூலில் பதுக்கல் கோளாறு ஒரு தனி நோயாக இடம்பெற்றது. எத்தனை பொருள்கள் என்று அங்கும் எண்ணப்படுவதில்லை. பொருளை விட்டுப் பிரிய இயலாமை, வாழும் இடம் வாழ்வதற்கு உதவாதபடி அடைபட்டுப் போதல், அதனால் விளையும் துன்பம் ஆகியவையே அடையாளங்கள். தேடுதலும் ஒழுங்குபடுத்துதலும் உள்ள சேகரிப்பை அந்நூல் நோயாகக் கருதவில்லை.

மர்வ் நகரின் திறந்த கதவுகள்

பதுக்கலின் மறுமுனையைக் காணக் குராஸானின் மர்வ் நகருக்குச் செல்ல வேண்டும். அடிமையாக விற்கப்பட்டுப் பின் விடுதலை பெற்று, நூல் படியெடுத்தும் விற்றும் வாழ்ந்த யாகூத் அல்ஹமவி (இறப்பு ஹிஜ்ரி 626 / கி.பி. 1229) அந்நகரில் மூன்றாண்டுகள் தங்கினார். தாம் அங்கிருந்து பிரிந்த ஹிஜ்ரி 616-இல் மர்வில் பத்து வக்ஃபு நூலகங்கள் இருந்தன என்று ‘முஃஜமுல் புல்தான்’ நூலில் பதிந்துள்ளார். அவற்றுள் அஸீஸிய்யா என்பதில் ஏறத்தாழ 12,000 நூல்கள் இருந்தன. அதனை வக்ஃபு செய்தவர் தொடக்கத்தில் மர்வ் சந்தையில் பழமும் பூவும் விற்று, பின்னர் சுல்தான் ஸன்ஜரின் பணியில் உயர்ந்தவர்.

அந்நூலகங்களின் பெருமையாக யாகூத் குறிப்பது கட்டடத்தை அன்று. நூல்கள் எளிதில் கிடைத்ததையே. எந்நேரமும் தம் இருப்பிடத்தில் 200 நூல்களும் அதற்கு மேலும் இருந்தன என்றும், அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அடைமானமே கேட்கப்படவில்லை என்றும் நன்றியோடு எழுதுகிறார். ஊரார் அறியாத ஓர் அயலவரை நம்பி நூலகர்கள் அவற்றைக் கொடுத்தனர்.

கி.பி. 1221-இல் மங்கோலியப் படை மர்வைத் தரைமட்டமாக்கியது. பத்து நூலகங்களும் போயின. பூட்டி வைத்திருந்தாலும் அவை அழிந்திருக்கும். திறந்து வைத்திருந்ததால் ஒரு பகுதி தப்பியது. யாகூத் தம் நூலின் பயன்களில் பெரும்பகுதி அந்நூலகங்களிலிருந்து திரட்டியதே என்று கூறுகிறார். எரிந்துபோன நூல்களின் சாரம் அவருடைய ஏடுகளில் வாழ்கிறது. இரவல் கொடுத்தவர்கள் தம்மையறியாமலேயே தம் நூல்களைக் காப்பாற்றினார்கள்.

கெய்ரோவில் ஒரு வழக்கு

திறந்த கதவால் இழப்பு நேராதா என்ற கேள்வி நியாயமானது. அதற்குக் கெய்ரோ நகரின் மஹ்மூதிய்யா மத்ரஸா நூலகத்தின் வரலாறு விடையளிக்கும்.

பத்ருத்தீன் இப்னு ஜமாஆ (இறப்பு ஹிஜ்ரி 733 / கி.பி. 1333) ஆசிரியர்-மாணவர் ஒழுக்கங்கள் பற்றி எழுதிய ‘தத்கிரத்துஸ் ஸாமிஃ’ நூலில், நூல்களைக் கையாளும் முறைக்கென்றே ஒரு பகுதி உண்டு. சேதம் விளைவிக்காதவருக்கு இரவல் கொடுப்பது விரும்பத்தக்கது என்றும், இரவல் வாங்கியவர் தேவையின்றித் தாமதிக்கலாகாது என்றும் அதில் கூறுகிறார். நூல் சேர்ப்பதையே அறிவின் பங்காக நினைத்து, விளங்கிக்கொள்வதை விட்டுவிடக் கூடாது என்றும் மாணவரை எச்சரிக்கிறார்.

அவருடைய பேரர் காழி புர்ஹானுத்தீன் இப்னு ஜமாஆ (இறப்பு ஹிஜ்ரி 790 / கி.பி. 1388) பெரும் சேகரிப்பாளர். நூலாசிரியர்களே தம் கையால் எழுதிய அரிய பிரதிகள் பிறருக்குக் கிட்டாத அளவில் அவரிடம் இருந்தன. அவர் இறந்தபின் அச்சேகரிப்பை ஜமாலுத்தீன் மஹ்மூத் என்ற அரசு அதிகாரி வாங்கி, ஹிஜ்ரி 797 (கி.பி. 1395) அளவில் தாம் கட்டிய மத்ரஸாவுக்கு வக்ஃபு செய்தார். ஒரு நிபந்தனையும் விதித்தார்: எந்த நூலும் மத்ரஸாவின் வாயிலைத் தாண்டக் கூடாது. இரவல் கொடுத்தலைப் போற்றிய பாட்டனாரின் குடும்பத்து நூல்கள், இரவல் கொடுக்கப்படாத நூல்களாயின.

நிபந்தனை நூல்களைக் காத்ததா? கண்டிப்புக்குப் பெயர்பெற்ற ஒரு நூலகரின் பொறுப்பில் அவை இருந்தன. ஹிஜ்ரி 826-இல் கணக்கெடுத்தபோது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு காணவில்லை. நூலகர் நீக்கப்பட்டார், இழப்பையும் அவரே ஈடுசெய்ய நேர்ந்தது. அவருக்குப் பின் பொறுப்பேற்றவர், ஸஹீஹுல் புகாரியின் விரிவுரையாளர் ஹாஃபிழ் இப்னு ஹஜர் அஸ்கலானி (ரஹ்) அவர்களேயாவார். அவர்கள் செய்த முதன்மையான பணி பூட்டை வலுப்படுத்தியதன்று, பட்டியல் தயாரித்ததாகும். அகர வரிசையில் ஒன்றும், பொருள் வாரியாக ஒன்றும் என இரு பட்டியல்களை ஆக்கினார்கள். என்ன இருக்கிறது என்று தெரியாத நூலகத்தில் எது போயிற்று என்றும் தெரியாது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள் போலும்.

அடுத்த தலைமுறையில் இமாம் ஜலாலுத்தீன் ஸுயூத்தி (இறப்பு ஹிஜ்ரி 911 / கி.பி. 1505) இந்நூலகத்துக்கென்றே ‘பத்லுல் மஜ்ஹூத்’ என்ற சிறுநூலை எழுதினார்கள். வக்ஃபு செய்தவரின் நிபந்தனை சட்டத்தைப் போல மதிக்கத்தக்கது என்பது விதி. ஆயினும் அவருடைய நோக்கம் நூல்கள் பயன்பட வேண்டும், அழியவும் கூடாது என்பதே. நூலியற்றும் ஒருவர் அந்நூலை வீட்டுக்கு எடுத்துச் சென்றாலன்றி முழுப் பயன் பெற இயலாது என்னும்போது, அவர் நம்பிக்கைக்கு உரியவராகவும் இருந்தால், கொடுப்பது நிபந்தனையின் உட்பொருளுக்கு மாறாகாது என்பது அவர்களின் வாதம். எதிர்க்குரலும் இருந்தது. அந்நூலகத்தில் பிறர் அறியாத பழைய நூல்களை எடுத்து, சிறிது மாற்றித் தம் பெயரில் வெளியிட்டார் என்று சமகால அறிஞர் ஸகாவி ஸுயூத்தி மீது குற்றம் சாட்டினார்கள். அவ்வழக்கில் தீர்ப்புச் சொல்வது நம் வேலையன்று. ஆனால் ஸுயூத்தியின் நூல்கள் வழியாக எத்தனையோ பழைய நூல்களின் பகுதிகள் இன்று நமக்குக் கிடைக்கின்றன என்பதை மறுப்பாரில்லை.

இங்கு நாம் கற்பது ஒன்று. தனியார் சேகரிப்பு மட்டுமன்று, வக்ஃபும் பதுக்கலாக மாறலாம். அல்லாஹ்வின் பெயரால் பூட்டப்பட்டது என்பதனால் அது திறந்ததாகிவிடாது.

மறைத்தல் எப்போது அமானிதமாகும்

கதவடைப்பதெல்லாம் பதுக்கல் என்று கூறிவிடவும் கூடாது. ஆப்பிரிக்காவின் திம்புக்துவில் வாழ்ந்த அஹ்மத் பாபா (கி.பி. 1556–1627) மொராக்கோப் படையால் சிறைபிடித்துக் கொண்டு செல்லப்பட்டபோது தாம் இழந்தவை 1,600 நூல்கள் என்றும், தம் உறவினர்களுள் தமதே சிறிய நூலகம் என்றும் கூறினார். அந்த அனுபவத்துக்குப் பின் அவ்வூர்க் குடும்பங்கள் தம் நூல்களை மறைத்துக் காத்ததில் வியப்பில்லை. 2012-இல் ஆயுதக் குழுக்கள் நகரைக் கைப்பற்றியபோதும், பெருந்தொகையான கையெழுத்துப் பிரதிகள் பெட்டிகளில் அடைத்து இரகசியமாகத் தலைநகர் பமாகோவுக்குக் கடத்தப்பட்டன. ஆபத்து இருக்கும்போது மறைப்பவர் காவலர். ஆபத்து நீங்கிய பின்னும் திறவாதவர் யார் என்பதுதான் கேள்வி.

நம் நாட்டில் இதற்கு அழகிய விடையளித்தவர் பாட்னாவின் வழக்கறிஞர் குதா பக்ஷ். அவருடைய தந்தை முஹம்மது பக்ஷ் 1876-இல் மரணப் படுக்கையில், தாம் சேர்த்த ஏறத்தாழ 1,400 கையெழுத்துப் பிரதிகளை மகனிடம் ஒப்படைத்து, அவற்றைப் பொதுமக்களுக்கான நூலகமாக்குமாறு வேண்டினார். மகன் அதனை ஏறத்தாழ 4,000 பிரதிகளாகப் பெருக்கி, 1891-இல் மக்களுக்குத் திறந்து வைத்தார். 1969-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று. தந்தை விட்டுச் சென்றது பேழையை மட்டுமன்று. அதன் திறவுகோலை யாரிடம் கொடுக்க வேண்டும் என்ற வஸிய்யத்தையும் விட்டுச் சென்றார்.

நம் வீட்டுப் பேழைகள்

கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய நம் கடலோர ஊர்களில் பல தலைமுறைகளாக அரபியிலும் அரபுத் தமிழிலும் நூல்கள் எழுதப்பட்டன, படியெடுக்கப்பட்டன. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) (1816–1898) போன்ற பெரியார்களின் காலத்தில் ஆலிம்கள் வீட்டுக் கிதாபுப் பெட்டி அவர்தம் மாணவர்களுக்கும் உரியதாக இருந்தது.

பல ஆண்டுகளுக்கு முன், கடலோர ஊர் ஒன்றில் ஓர் ஆலிமின் பேரர்கள் வீட்டில் அத்தகைய பெட்டி ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டுச் சென்றேன். அன்போடு வரவேற்றார்கள், உணவளித்தார்கள், பெட்டியை மட்டும் திறக்கவில்லை. அது தங்கள் அப்பாவின் பரக்கத் என்றும், ஆண்டுக்கொரு முறை சாம்பிராணி காட்டுவதோடு சரி என்றும், திறவுகோல் வெளிநாட்டிலிருக்கும் மூத்தவரிடம் இருக்கிறது என்றும் சொன்னார்கள். அவர்கள் கெட்டவர்களல்லர். அந்தப் பெட்டியை விலைபேச வந்தவர்களை அவர்கள் விரட்டியும் இருக்கிறார்கள்.

சில ஆண்டுகள் கழித்து அவர்களே அழைத்தார்கள். பெட்டி திறக்கப்பட்டிருந்தது. அடியிலிருந்து கறையான் ஏறி, நடுவில் இருந்த ஏடுகள் மண்கட்டியைப் போல் ஒட்டிக்கிடந்தன. மேலே கிடந்த ஒரு நூலின் முதல் தாள் மட்டும் நன்றாக இருந்தது. அதில் அந்த ஆலிமின் கையெழுத்தில், இந்நூல் இவ்வூரில் ஓதும் பிள்ளைகளுக்கு வக்ஃபு என்று எழுதியிருந்தது. அதனைப் படித்துச் சொன்னபோது அவ்வீட்டார் அழுதுவிட்டார்கள். அப்பாவின் சொத்து என்று எண்ணிக் காத்தது, அப்பா எப்போதோ பிறருக்குக் கொடுத்துவிட்ட பொருள்.

அன்று வீடு திரும்பியபின் என் அலமாரியின் முன் நின்றேன். அதில் பொன்னானி ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்களின் ‘ஃபத்ஹுல் முயீன்’ இரண்டு இருந்தன. ஒன்று, நான் ஓதிய காலத்திலிருந்து ஓரமெல்லாம் குறிப்பெழுதிப் பழுதடைந்தது. மற்றொன்று, ஹஜ் பயணத்தின்போது வாங்கிய பொன்னெழுத்துக் கட்டமைப்பு. வாங்கிய நாள் முதல் அதை விரித்துப் படித்ததில்லை. கதவுக்கு வெளியே நின்றவர்களும் எனக்குத் தெரிந்தவர்களே. ஒரே கிதாபை மூவர் சேர்ந்து பார்த்து ஓதும் மாணவர்களை நாள்தோறும் வகுப்பில் காண்கிறேன். இஹ்யாவின் அப்பகுதியைப் பலமுறை பாடம் நடத்தியவன் நான். அது என் அலமாரியைப் பற்றியது என்று அன்றுவரை தோன்றவில்லை. மறுநாள் அழகானது ஒரு மாணவர் கைக்குப் போயிற்று. அவர் அதன் ஓரங்களில் எழுதத் தொடங்கிவிட்டார் என்று பின்னர் அறிந்தேன்.

நூல் சேர்ப்போர் சேர்க்கட்டும்; அவர்கள் இல்லையெனில் நமக்கு வரலாறே இல்லை. ஆனால் ஆண்டுக்கொரு முறை ஸகாத்தைக் கணக்கிடும் நாளில் அலமாரியையும் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. இவ்வாண்டு இதை யார் திறந்தார்? கேட்டவர் யாரேனும் திரும்பிப் போனாரா? இதனால் வீட்டார் எவருக்கேனும் நெருக்கடி உண்டா? எனக்குப் பின் இது யாரிடம் சேர வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறேனா, எழுதியது வாரிசுகளுக்குத் தெரியுமா? இவற்றுக்கு விடை கூற முடிந்தவர் ஆயிரம் நூல் வைத்திருந்தாலும் சேகரிப்பாளரே. முடியாதவரிடம் ஒரே ஒரு நூல் இருந்தாலும், இமாம் ஸுஹ்ரி (ரஹ்) அவர்களின் எச்சரிக்கை அவருக்குரியது.